கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெயில் கணக்கில் சேராது

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகன் பெங்களூரிலிருந்து வெய்ல்டு கமீலியன் என்னும் வெளிநாட்டுப் பச்சோந்தி ஒன்றை வாங்கி வந்து வளர்க்கிறான். ஆண், வயது ஏறத்தாழ பத்து மாதம். கிழக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டிக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். காலையில் நல்ல வெயில் விழும், ஜன்னலைத் திறப்பதில்லை. இதற்கென்று தனி விளக்குப் போட வேண்டும் என்கிறான் மகன். "நம்மூர் வெயிலுக்கு விளக்கு எதுக்கு? வேணும்னா தட்டட்டியில கொண்டு போய் வை" என்கிறார் என் மாமா. மீன் தொட்டி விற்கும் கடையில் ஒரு யூவி விளக்கு இருக்கிறது, அதை வாங்கலாமா? இரண்டு வாரமாக நாக்கை நீட்டிப் பூச்சி பிடிக்கும்போது எட்டாமல் போகிறது. கிளையைப் பிடித்திருக்கும்போது முன்னங்கால் நடுங்குகிறது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய வைட்டமின் டி பொடி இருக்கிறது. அதில் ஒரு சிட்டிகை கொடுக்கலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

அம்மா, வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. அந்தப் பொடியைக் கொடுக்காதீர்கள். மருந்துக் கடைகளில் கிடைக்கும் வைட்டமின் டி பொட்டலங்கள் பெரும்பாலும் 60,000 யூனிட் அளவுள்ளவை. ஒரு வளர்ந்த மனிதர் வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடுவதற்கு என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள பிராணிக்கு அதில் ஒரு சிட்டிகை என்பதும் பேரளவுதான். வாய் வழியாக அளவுக்கு மிஞ்சிப் போகும் வைட்டமின் டி இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களின் சுவர்களிலும் சுண்ணாம்பாகப் படிய வைக்கும். அந்தக் கட்டத்துக்குப் போன பிராணியை மீட்பது மிகவும் கடினம்.

நாக்கு எட்டாமல் போவது, முன்னங்கால் நடுங்குவது ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, எலும்பு மெலியும் நோய் தொடங்கியிருக்கிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டியிருக்கிறது. பச்சோந்தியின் நாக்கு ஒரு சிறிய எலும்புத் தண்டின் மேல் சுருண்டு அமர்ந்து, தசையின் இறுக்கத்தால் பாய்ந்து வெளியேறுகிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசை சுருங்கும் வலு குறையும். நாக்கு பாதி வழியில் விழும். கால் நடுங்குவதும் அதே காரணத்தால்தான். கால்சியம் போதாத உடல், இதயத்தையும் நரம்பையும் காப்பாற்றுவதற்காக எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். அப்போது தாடை ரப்பர் போல் நெகிழும், முன்னங்கை எலும்பு வில்லாக வளையும், கிளையிலிருந்து கையால் இழுத்தாலே முறியும். ஆகவே இப்போதிலிருந்து அதைப் பிடித்துத் தூக்க வேண்டாம். மார்புக்கு முன்னால் ஒரு குச்சியை நீட்டினால் அதுவே ஏறிக்கொள்ளும். தாடை கெட்டியாக இருக்கிறதா என்று வீட்டில் அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நீங்கள் பாளையங்கோட்டையில் இருப்பதால் இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகத்துக்குக் கொண்டு செல்வது எளிது.

இனி வெயிலா, விளக்கா என்னும் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் பச்சோந்திக்கு இதுவரை வெயிலும் கிடைக்கவில்லை, விளக்கும் கிடைக்கவில்லை என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

சூரிய ஒளியில், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களில் (யூவி) 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள பகுதியை யூவி-பி என்கிறோம். பச்சோந்தியின் தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மேல் இந்தக் கதிர் படும்போது அது வைட்டமின் டி3-க்கு முந்தைய வடிவமாக மாறுகிறது. பிறகு உடல் வெப்பத்தின் உதவியால் டி3 ஆகிறது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மேலும் இரண்டு மாற்றங்களை அடைந்த பின்னரே, குடலில் இருக்கும் கால்சியத்தை இரத்தத்துக்குள் இழுக்கும் ஆற்றலைப் பெறுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், வெப்பத்தை விடும், யூவி-பி கதிரை மட்டும் ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். உங்கள் வீட்டில் ஜன்னல் கண்ணாடி ஒன்று, தொட்டிக் கண்ணாடி இன்னொன்று. காலை வெயிலில் உடலைத் தட்டையாக்கிக்கொண்டு அது சுகமாகக் குளிர்காய்வதை நீங்கள் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் முழுவதும் அதன் தோலில் டி3 உருவாகவே இல்லை. அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகளும் இப்படித்தான். கொசுவலைக் கம்பி அவ்வளவு மோசமில்லை. நெருக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கோ பாதியோ தடுக்கும், மீதியை விடும்.

தரத்தில் எது உயர்ந்தது என்று கேட்டால், வெயில்தான்; அதில் எனக்கு ஐயமே இல்லை. நாம் காணாத யூவி-ஏ ஒளியையும் பச்சோந்தியின் கண் காணும். அதற்குரிய நிறங்களோடு கூடிய முழு உலகம் வெயிலில்தான் அதற்குத் தெரிகிறது. யூவி-பி-யும் உடலுக்குள் இறங்கும் வெப்பமும் ஒரே திசையிலிருந்து ஒன்றாக வருகின்றன. எல்லாவற்றையும்விட, வெயிலில் உருவாகும் டி3 தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும்: தோலில் போதிய அளவு சேர்ந்த பின், மிகுந்து படும் கதிர்களே அந்த முந்தைய வடிவத்தை உடலுக்குத் தீங்கற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. வெயிலில் நின்றதால் எந்தப் பச்சோந்திக்கும் வைட்டமின் டி நஞ்சாவதில்லை, பொடியால் ஆகும்.

மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்திகளைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று 2009-இல் வெளியானது. உணவில் டி3 குறைவாகப் பெற்றவை யூவி ஒளியைத் தேடிச் சென்று அதிக நேரம் இருந்தன; உணவில் நிறையப் பெற்றவை ஒளியிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது அந்தப் பிராணிக்கே தெரிகிறது. வளர்ப்பவர் செய்ய வேண்டியது, ஒரே கூண்டுக்குள் வெயிலையும் நிழலையும் வைத்துத் தேர்வை அதனிடம் விட்டுவிடுவதுதான். கூண்டு முழுவதும் வெயில் அடித்தால் அந்தத் தேர்வு பறிபோகிறது. முழுவதும் நிழலாக இருந்தாலும் அப்படித்தான்.

உங்கள் மாமா சொல்வதில் எந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த இனத்தின் தாயகம் ஏமன் நாடும், சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும். அரேபியா என்றதும் மணலும் அனலும் நினைவுக்கு வருவதால், எந்த வெயிலையும் இது தாங்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இது வாழ்வதோ செடி கொடிகள் அடர்ந்த மலைச்சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும். காலையில் இலைகளுக்கு வெளியே வந்து காய்ந்து, வெப்பம் ஏறியதும் இலைகளுக்குள் போய்விடும். குளிர்காயும் இடத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அதற்குப் போதும். திருநெல்வேலியில் சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலிலேயே 38, 39 என்று போகிறது. மொட்டை மாடித் தளத்தின் சூடு அதற்கும் மேல். கண்ணாடித் தொட்டியோடு மாடியில் வைத்தால் அது நெல் அவிக்கும் கொப்பரையாகிவிடும். உள்ளே இருப்பது தப்பாது. வெயிலில் வைத்துவிட்டு வேலையாகக் கீழே இறங்கிப் போனவர்கள், திரும்பி வந்து பார்த்து அலறியடித்துக்கொண்டு என்னிடம் தூக்கி வந்த பிராணிகள் உண்டு. அவற்றில் பலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

எந்த நேரத்தில் வைக்கலாம் என்பதற்கு நிழலைப் பார்த்தாலே போதும். புற ஊதாக் கதிரின் வலுவை யூவி குறியீடு என்னும் எண்ணால் சொல்வது வழக்கம். ஏமன் பச்சோந்தி போன்று பகுதி வெயிலில் காயும் இனங்களுக்கு, உட்காரும் இடத்தில் அந்த எண் 3-ஐ ஒட்டி இருந்து, இலைகளுக்குள் சுழியத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போவது நல்லது. நம் ஊர் ஏறத்தாழ 8.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். தெளிந்த வானமாக இருந்தால் அப்போது குறியீடு 11-ஐத் தாண்டும். மார்கழி நண்பகலில்கூட அது உயர்ந்த அளவிலேயே இருக்கும். நீங்கள் வெயிலில் நின்று பார்க்கும்போது உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளமாக இருந்தால், குறியீடு 2-ஐ ஒட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். நிழலும் உயரமும் சமமாகும்போது அது ஏறத்தாழ 5 ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பொழுதுதான் உங்களுக்கு உரியது. ஆண்டின் பெரும்பகுதியில் அது காலை 8 மணியை ஒட்டித் தொடங்கி 9 மணி தாண்டியதும் முடிந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் சற்றுப் பிந்தும். அதற்குள் 20 அல்லது 30 நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள் கிடைத்தால் நிறைவு. மாலையிலும் அதே நீள நிழல் விழும் என்றாலும், பகலெல்லாம் காய்ந்த தளம் அனல் கக்கிக்கொண்டிருக்கும் என்பதால் மாலையை நான் பரிந்துரைப்பதில்லை. கைபேசியில் வரும் யூவி எண் ஊருக்குப் பொதுவானது. உங்கள் கூண்டின் இலை நிழலுக்குள் எவ்வளவு என்பதை அது சொல்லாது.

வெயிலுக்குத் தனியாக ஒரு கம்பிவலைக் கூண்டு செய்துகொள்ளுங்கள். தரையில் வைக்காமல் ஒரு முக்காலியின் மேல் வைத்து, முக்காலியின் கால்களை நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினால் கட்டெறும்பு ஏறாது. பாதிக் கூரையைத் தென்னங்கீற்றால் மூடி, உள்ளே ஒரு செம்பருத்திச் செடியைத் தொட்டியோடு வைத்து, வெளியே எடுப்பதற்கு முன் இலைகளில் நீர் தெளித்துவிடுங்கள். பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலையில் தொங்கும் துளியை நக்கித்தான் குடிக்கும். யாராவது ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். காகமும் வல்லூறும் நம் மாடிகளில் எப்போதும் உண்டு, பூனையும் வரும்.

அருகில் இருப்பவர் பிராணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கூண்டை வெளியே வைத்ததும் அது உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, வெயில் படும் பக்கத்தை மட்டும் கருமையாக்கிக்கொள்ளும். மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். இது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் நிலை. சிறிது நேரத்தில் கருமை கலைந்து இரு பக்கமும் ஒரே நிறமாகும்; உடல் வேண்டிய வெப்பத்தை எட்டிவிட்டது என்று பொருள். அதன் பிறகு இலைகளுக்குள் போனால் நல்லது, போகட்டும். போகாமல் நிறம் வெளிறி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. உடனே நிழலுக்குக் கொண்டு வந்து நீரைப் புகைபோலத் தெளிக்க வேண்டும். ஐஸ் நீர் வேண்டாம்.

இவ்வளவு நல்ல வெயில் இருக்கும்போது விளக்கையும் வாங்கச் சொல்வீர்களா என்றால், ஆம், வாங்கச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் நாள் கணக்கில் வானம் மூடிக்கிடக்கும். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கத்து வாசகர்களுக்கு ஆனி, ஆடியில் சாரல் காலமும் சேர்ந்துகொள்ளும். மழை இல்லாத நாளிலும், காலை எட்டரை மணிக்கு ஒருவர் அரை மணி நேரம் கூண்டருகே உட்காருவது பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்பும் வீட்டில் எத்தனை நாள் நடக்கும்? வளரும் வயதில் உள்ள பிராணியின் எலும்பு உங்கள் ஓய்வு நாளுக்காகக் காத்திருக்காது. நாள்தோறும் மாறாமல் கிடைப்பது விளக்கின் ஒளிதான். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வெயிலைக் கூடுதல் நலமாகக் கொடுங்கள்.

மீன் கடையில் நீங்கள் பார்த்த விளக்கு வேண்டவே வேண்டாம். மீன் தொட்டி நீரைச் சுத்தப்படுத்துவதற்கும், வீட்டுக் குடிநீர்க் கருவிகளில் கிருமியைக் கொல்வதற்கும் பயன்படும் யூவி விளக்குகள் யூவி-சி கதிரை வெளியிடுபவை. சூரியனின் யூவி-சி கதிரை வளிமண்டலமே தடுத்துவிடுவதால், அதைத் தாங்கும் இயல்பு எந்தப் பிராணியின் கண்ணுக்கும் இல்லை. திறந்த கூண்டின் மேல் அதைப் பொருத்தினால் பச்சோந்தியின் கண்ணும் தோலும் வெந்துபோகும். அறையில் இருக்கும் உங்கள் கண்ணுக்கும் கேடு. செடி வளர்க்கும் எல்.இ.டி. விளக்கிலும் வெள்ளை டியூப் லைட்டிலும் யூவி-பி பயன்படும் அளவில் கிடையாது. ஊர்வனவற்றுக்கென்றே செய்யப்பட்ட, டி5 வகை நீளக் குழல் விளக்குதான் உங்களுக்குத் தேவை. அதில் யூவி-பி 6 சதவீதம் அல்லது 5.0 என்று குறிக்கப்பட்டதை, ஒளியைக் கீழே திருப்பும் பளபளப்பான தகட்டோடு சேர்த்து வாங்குங்கள். சுருள் வடிவச் சிறு பல்புகளின் ஒளி ஓரிடத்தில் மட்டும் விழும். பக்கவாட்டில் தட்டையாகி நிற்கும் இந்த உடலுக்கு நீளக் குழலே பொருந்தும்.

கூண்டின் வலைக்கூரை மேல் குழலை வைத்து, பச்சோந்தி உட்காரும் மேல் கிளையை, அதன் முதுகுக்கும் குழலுக்கும் இடையே 20 முதல் 25 சென்டிமீட்டர் இருக்குமாறு கட்டுங்கள். கிளையிலிருந்து அளந்து ஏமாறுபவர்கள் அதிகம். கிளையின் மேல் நிற்கும் பிராணியின் உயரமும் கொண்டையின் உயரமும் கணக்கில் வர வேண்டும். குழலுக்கும் பிராணிக்கும் நடுவில் கண்ணாடி கூடாது. ஆகவே இப்போதுள்ள தொட்டியை விட்டு வலைக்கூண்டுக்கு மாறுவது கட்டாயமாகிறது. பகல் 12 மணி நேரம் எரியட்டும். இரவில் முழு இருள் வேண்டும். குழல் கண்ணுக்குப் பிரகாசமாகவே தெரிந்தாலும் யூவி-பி மெல்லக் குறைந்துகொண்டே வரும். பொருத்திய தேதியைக் குழலின் ஓரத்தில் எழுதி வைத்து, ஓராண்டில் மாற்றிவிடுங்கள். யூவி குறியீட்டை அளக்கும் சோலார்மீட்டர் 6.5 என்னும் அளவுமானி இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை. விலை அதிகம் என்பதால் ஊரில் பல்லி, ஆமை வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வளர்ப்புக் குறிப்புகளைப் படித்துவிட்டு, வெப்பமும் யூவி-யும் சேர்ந்து தரும் பாதரச ஆவி விளக்கை உங்கள் மகன் கேட்கக்கூடும். நம் ஊருக்கு அது ஆகாது. இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் அறையே 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. பச்சோந்திக்குக் குளிர்ந்த மூலை கிடைப்பதுதான் அரிது. மார்கழி, தை மாதக் காலைகளில் ஓரிரு மணி நேரம் ஒரு சாதாரண 40 வாட் குண்டு பல்பு போதும். பங்குனிக்குப் பிறகு வெப்ப விளக்கே தேவையில்லை.

வெயிலும் விளக்கும் சரியாக இருந்தாலும் குடலில் கால்சியம் இல்லையென்றால் டி3 எதை இழுக்கும்? பூச்சிகளில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. பூச்சிகளுக்கு ஒரு நாள் முன்பே முருங்கைக் கீரை போட்டு, கொடுக்கும் நேரத்தில் டி3 கலக்காத கால்சியம் கார்பனேட் தூளை லேசாகத் தூவுங்கள். டி3 கலந்த தூள் தேவையா, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்லட்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த இனம் இருப்பதால், திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் 2024-இல் வந்த விதிகளின் கீழும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இதைப் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கிய ரசீது மட்டும் போதாது. பதிவு ஆகியிருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்து உடைமரக் காடுகளில் காணும் நம் நாட்டுப் பச்சோந்தியின் நிலை வேறு. அது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட காட்டுயிர். அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். அதற்கு எந்த விளக்கைப் பொருத்துவது என்று கேட்டு எழுதுபவர்களுக்கு, பிடித்த இடத்தைச் சொல்லி வனத்துறையிடம் ஒப்படையுங்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

எக்ஸ்ரே எடுக்கப் போகும் வரை கூண்டின் உயரமான கிளைகளை எடுத்துவிட்டு, தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகாதபடி தாழ்வாகக் கட்டி, அடியில் மடித்த துணியை விரியுங்கள். பிடி தளர்ந்த பிராணி விழுந்து முறித்துக்கொள்ளும் எலும்பு மறுபடி நேராகக் கூடுவதில்லை. விளக்கு வந்து சேர்ந்ததும், இந்தத் தாழ்ந்த கிளைக்கு ஏற்பக் குழலையும் கீழே இறக்கி, அதே 20–25 சென்டிமீட்டர் இடைவெளியைக் காத்துக்கொள்ளுங்கள். காலை வெயிலை நாளையே தொடங்கலாம், பத்து நிமிடம் போதும். மருத்துவமனைக்குக் காலை நேரத்தில், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் ஒரு குச்சியைக் குறுக்கே செருகி அதில் உட்கார வைத்து எடுத்துச் செல்லுங்கள். இப்போதுள்ள தொட்டியின் படத்தையும், இதுவரை தூவிய தூளின் டப்பாவையும், பதிவுச் சான்றின் நகலையும் உடன் கொண்டு போனால், மருத்துவருக்கு அன்றே சிகிச்சையைத் தொடங்க முடியும்.